பாதி வழியில் ஏறும் கட்டணம்

பிரிட்டனில் ஒரு குடும்பம் 2022 பிப்ரவரி முதல் நாள் தன் வீட்டுக்கு 'பிராட்பேண்ட்' இணைய இணைப்பு வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். மாதக் கட்டணம் 30 பவுண்டு. ஒப்பந்தக் காலம் 24 மாதங்கள். நடுவில் விலகினால் எஞ்சிய மாதங்களைக் கணக்கிட்டு ஒரு தொகையைத் தண்டமாகக் கட்ட வேண்டும். குடும்பத் தலைவி 30-ஐ 24-ஆல் பெருக்கிப் பார்க்கிறார், 720 பவுண்டு. சரி, தாங்கும் என்று கையெழுத்திடுகிறார்.

இரண்டு மாதம் முடிவதற்குள் கட்டணம் 9.3 விழுக்காடு உயர்கிறது. 30 பவுண்டு 32 பவுண்டு 79 பென்ஸ் ஆகிறது. மறு ஆண்டு மார்ச் இறுதியில் மேலும் 14.4 விழுக்காடு. இப்போது மாதம் 37 பவுண்டு 51 பென்ஸ். இரண்டாண்டு முடிவில் கூட்டிப் பார்த்தால் 828 பவுண்டுக்கு மேல் கட்டியிருக்கிறார். வந்த இணைப்பு அதே இணைப்பு. வேகமும் அதே வேகம். அதிகமாகப் போனது 108 பவுண்டு.

குடும்பம் கற்பனை; விழுக்காடுகள் கற்பனை அல்ல. பி.டி. என்ற பெரிய தொலைத்தொடர்பு நிறுவனம் அந்த இரு ஆண்டுகளிலும் தன் ஒப்பந்த வாடிக்கையாளர்களுக்கு உயர்த்திய அளவுகள் இவை. வேறு பல நிறுவனங்களும் ஏறத்தாழ இதே வழியில் சென்றன. வாடிக்கையாளர் கட்டுண்டு கிடக்கும்போது விலையை மட்டும் அவிழ்த்து விடுவது எப்படி முறையாகும் என்று வாசகர்கள் கேட்கலாம். விடை ஒப்பந்தத்திலேயே இருந்தது. 'ஒவ்வோர் ஆண்டும் மார்ச் இறுதியில், நுகர்வோர் விலைக் குறியெண்ணின் உயர்வுடன் 3.9 விழுக்காடு கூட்டிக் கட்டணம் உயரும்' என்ற ஒரு வாக்கியம் அது. படித்தவர் சிலர், படித்துப் புரிந்துகொண்டவர் அதிலும் சிலர். அந்நாட்டுத் தகவல் தொடர்புக் கண்காணிப்பு அமைப்பான 'ஆஃப்காம்' ஆராய்ந்து பார்த்தபோது, பிராட்பேண்ட் வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இந்தக் குறியெண்கள் எதை அளக்கின்றன என்பதே தெரியவில்லை என்று கண்டது. ஆகவே முதலில் குறியெண் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம்.

கூடையும் குறியெண்ணும்

ஒரு நாட்டில் 'விலைவாசி' என்று தனியாக ஒரு பொருள் கடையில் விற்பதில்லை. ரொட்டிக்கு ஒரு விலை, பேருந்துச் சீட்டுக்கு ஒரு விலை, முடி திருத்த ஒரு விலை. இவற்றில் சில ஏறும், சில இறங்கும். எல்லாவற்றையும் சேர்த்து ஓர் எண்ணால் சொல்ல வேண்டுமானால், சாதாரணக் குடும்பங்கள் வாங்கும் பொருள்களை ஒரு கூடையில் போட்டு, அந்தக் கூடையின் விலை ஓராண்டில் எவ்வளவு மாறியது என்று பார்க்க வேண்டும். பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் இதற்காக 700-க்கு மேற்பட்ட பொருள்களையும் பணிகளையும் எடுத்துக்கொண்டு, மாதந்தோறும் ஏறத்தாழ 1,80,000 விலைகளைத் திரட்டி வந்தது. குடும்பச் செலவில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அந்த அளவு எடை அதற்குக் கணக்கில் தரப்படும். உப்பு விலை இரட்டித்தால் குறியெண் அசையாது. மின்சாரக் கட்டணம் இரட்டித்தால் துள்ளும்.

நம் நாட்டில் அரசு ஊழியரின் அகவிலைப்படியைக் கணக்கிடுவதும் இத்தகைய ஒரு குறியெண்ணைக் கொண்டே. ஆனால் அங்கே குறியெண் ஏறினால் ஊழியர் கைக்குப் பணம் வருகிறது. நாம் இப்போது பார்க்கும் கதையில் அது பையிலிருந்து போகிறது.

பி.டி. எடுத்துக்கொண்டது டிசம்பர் மாதக் குறியெண். அது ஜனவரி நடுவில் வெளியாகும். மார்ச் 31 அன்று கட்டணத்தில் ஏறும். 2020 டிசம்பரில் உயர்வு வெறும் 0.6 விழுக்காடு. அதனுடன் 3.9 சேர்ந்து 4.5 ஆயிற்று, யாரும் பெரிதாகக் கூச்சலிடவில்லை. 2021 டிசம்பரில் 5.4. 2022 டிசம்பரில் 10.5. உக்ரைன் போர் தொடங்கிய பின் எரிவாயு விலையும், அதைத் தொடர்ந்து மின்சாரம், உணவு ஆகியவற்றின் விலையும் ஏறியதே இதற்குப் பெருங்காரணம். 2022 அக்டோபரில் 11.1 விழுக்காட்டைத் தொட்டது. நாற்பது ஆண்டுகளில் காணாத உயரம் அது.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். பாலும் ரொட்டியும் எரிவாயுவும் ஏறியதால் இணையக் கட்டணம் ஏறியது. மண்ணுக்கடியில் ஏற்கெனவே புதைந்து கிடக்கும் கம்பிக்கும் பாலுக்கும் என்ன தொடர்பு? தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நிறுவனமும் மின்சாரக் கட்டணம் செலுத்துகிறது. ஊழியர்க்குச் சம்பள உயர்வு தருகிறது. கண்ணாடி இழை பதிக்கத் தெருத் தெருவாகத் தோண்டுகிறது. இழையின் விலை சிறிது. பள்ளம் தோண்டி மூடும் கூலிதான் பெரிது. ஆயினும், பால் விலை ஏறிய அதே விகிதத்தில் இந்தச் செலவுகளும் ஏறும் என்பதற்கு எந்த விதியும் இல்லை. அதற்கு மேலும் 3.9 ஏன் என்று கேட்டால், இணையப் பயன்பாடு ஆண்டுதோறும் பெருகுகிறது, அதற்கேற்ப வலையமைப்பில் முதலீடு செய்ய வேண்டியிருக்கிறது என்பது நிறுவனங்களின் விடை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தொலைபேசி, இணையக் கட்டணங்களும் அந்தக் கூடைக்குள் இருக்கும் பொருள்களே. ஏப்ரலில் கட்டணம் ஏறினால் அந்த மாதக் குறியெண்ணும் சற்றே ஏறும். குறியெண் ஏறியதால் மறு ஆண்டு கட்டணம் ஏறும். கூடையில் இவற்றின் எடை குறைவாதலால் விளைவு சிறிதுதான். ஆனாலும் தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பு போன்ற அமைப்பு இது.

இரண்டு சராசரிகள்

எல்லா நிறுவனங்களும் ஒரே குறியெண்ணைக் கொள்ளவில்லை. வர்ஜின் மீடியா, ஓ2 ஆகியவை சில்லறை விலைக் குறியெண் என்ற பழைய குறியெண்ணைப் பிடித்துக்கொண்டன. பெயரில் சிறு வேறுபாடு. பணத்தில் பெரிய வேறுபாடு. 2023 ஜனவரியில் நுகர்வோர் விலைக் குறியெண் காட்டிய உயர்வு 10.1 விழுக்காடு. அதே மாதம், அதே நாட்டில், சில்லறை விலைக் குறியெண் காட்டியது 13.4. இதனுடன் 3.9 சேர்த்து ஓ2 தன் அலைபேசிக் கட்டணத்தை 17.3 விழுக்காடு உயர்த்தியது.

ஒரே நாட்டுக்கு இரண்டு பணவீக்கமா? ஒரு காரணம், சில்லறை விலைக் குறியெண்ணில் வீட்டுக் கடன் வட்டியும் அடங்கும். வட்டி ஏறும் காலத்தில் அது வேகமாக ஏறும். மற்றொரு காரணம் கணிதத்தில் ஒளிந்திருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

ஒரு கடையில் சட்டை 10 பவுண்டு, தொப்பி 20 பவுண்டு. மறு மாதம் சட்டை 20 ஆகிறது, தொப்பி 10 ஆகிறது. விலைவாசி ஏறியதா? சட்டையின் விலை விகிதம் 2. தொப்பியின் விகிதம் அரை. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 1.25 வருகிறது. அதாவது விலைவாசி 25 விழுக்காடு ஏறிவிட்டது! மாறாக, இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1 வருகிறது. அதாவது விலைவாசியில் மாற்றமே இல்லை.

மூன்றாம் மாதம் விலைகள் பழையபடி 10, 20 என்றே திரும்பிவிடுகின்றன. கூட்டுச் சராசரி மீண்டும் 1.25 என்று சொல்லும். இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 1.25-ஐ 1.25-ஆல் பெருக்கினால் 1.5625. கடையில் எல்லா விலையும் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டன. கணக்கோ 56 விழுக்காடு ஏற்றம் என்கிறது. பெருக்குச் சராசரி இந்தக் குழியில் விழுவதில்லை.

கூட்டுச் சராசரி முறைக்கு இத்தாலியரான ஜான் ரினால்டோ கார்லியின் பெயர் வழங்குகிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து குவிந்த உலோகங்கள் இத்தாலியில் விலைவாசியை எவ்வளவு உயர்த்தின என்று அறிய, 1500-ஆம் ஆண்டின் தானியம், ஒயின், எண்ணெய் விலைகளை 1750-ஆம் ஆண்டின் விலைகளுடன் ஒப்பிட்டு 1764-இல் அவர் எழுதினார். பெருக்குச் சராசரியைக் கையாண்டவர் ஆங்கிலப் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ், ஆண்டு 1863. கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் புதிதாகக் கிடைத்த தங்கத்தால் தங்கத்தின் மதிப்பு எவ்வளவு இறங்கியது என்பது அவருடைய கேள்வி. தங்கச் சுரங்கத்தையும் வெள்ளிக் குவியலையும் பற்றி யோசித்த இருவரின் சூத்திரங்கள், பல தலைமுறை கடந்து வீட்டு இணையக் கட்டணத்தைத் தீர்மானிக்கும் என்று அவர்கள் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள்.

நுகர்வோர் விலைக் குறியெண் அடிமட்டக் கணக்கில் பெரும்பாலும் ஜெவன்ஸ் முறையைக் கையாள்கிறது. சில்லறை விலைக் குறியெண் பல பொருள்களுக்குக் கார்லி முறையைக் கையாண்டு வந்தது. அதனால் எப்போதும் சற்று மேலேயே நின்றது. இந்தக் குறைக்காகவே 2013-இல் அது 'தேசியப் புள்ளிவிவரம்' என்ற தகுதியை இழந்தது. 2030 பிப்ரவரியில் அதன் கணக்கு முறையையே மாற்றிவிடுவது என்று 2020-இல் முடிவாயிற்று. தகுதி இழந்த அளவுகோலைக் கொண்டு, அதன் பின்னும் பத்தாண்டுக்கு மேல் கட்டணம் அளந்தது வணிகத் தந்திரம் என்பதன்றி வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. முத்திரை போன படியால் அளக்கும் கடைக்காரரை நம் ஊர்ச் சந்தையில் சும்மா விடுவார்களா?

கழித்தல் குறி கூட்டல் குறியானது

இந்தச் சூத்திரத்துக்கு ஒரு முன்கதை உண்டு. அதை அறிந்தால் இன்றைய நிலை இன்னும் வியப்பைத் தரும்.

1984-இல் அரசு நிறுவனமான பிரிட்டிஷ் டெலிகாமின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. போட்டியே இல்லாத நிறுவனம் தனியார் கைக்குப் போனால் தன் விருப்பம்போல் விலை வைக்குமே, எப்படித் தடுப்பது? பர்மிங்ஹாம் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் ஸ்டீஃபன் லிட்டில்சைல்டு 1983-இல் அரசுக்கு அளித்த அறிக்கையில் எளிய வழி ஒன்றைச் சொன்னார். நிறுவனம் தன் கட்டணங்களைச் சராசரியாக எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கு உச்சவரம்பு: சில்லறை விலைக் குறியெண்ணின் உயர்வு, அதிலிருந்து ஒரு குறிப்பிட்ட எண்ணைக் கழித்தது.

ஆம், கழித்தது. தொலைத்தொடர்பில் தொழில்நுட்பம் விரைந்து முன்னேறுவதால் மற்றத் தொழில்களைவிட இங்கே செலவு வேகமாகக் குறையும். அந்தக் குறைவில் ஒரு பங்கு மக்களுக்கு வர வேண்டும் என்பது கருத்து. முதலில் கழித்த எண் 3. விலைவாசி 5 விழுக்காடு ஏறினால் தொலைபேசிக் கட்டணம் 2 விழுக்காடுதான் ஏறலாம். விலைவாசி 2 விழுக்காடே ஏறினால் கட்டணத்தை 1 விழுக்காடு குறைத்தாக வேண்டும். அதற்கு மேலும் சிக்கனம் பிடித்து நடத்தினால் அந்த லாபம் நிறுவனத்துக்கே. ஆகவே சிக்கனத்துக்கும் தூண்டுதல் உண்டு. கழித்த எண் 1989-இல் 4.5, 1991-இல் 6.25, 1993-இல் 7.5 என வளர்ந்துகொண்டே போனது. பின்னர்ப் போட்டி நிறுவனங்கள் பெருகிவிட்டன, இனிச் சந்தையே பார்த்துக்கொள்ளும் என்று 2006-இல் வாடிக்கையாளர் கட்டணங்களின் மேலிருந்த கட்டுப்பாட்டை ஆஃப்காம் நீக்கியது.

அதே நிறுவனத்தின் வழிவந்த பி.டி., 2020-இல் 'குறியெண் கூட்டல் 3.9' என்ற சூத்திரத்தை அறிவித்தது. சூத்திரத்தின் உருவம் பழையதுதான். குறி மட்டும் மாறியிருக்கிறது. கழித்த எண்ணை நிறுவனத்தின் கணக்குகளை ஆராய்ந்து கண்காணிப்பாளர் வகுத்தார். கூட்டிய எண்ணை நிறுவனம் தானே வைத்துக்கொண்டது.

போட்டி இருக்கும்போது வாடிக்கையாளர் வேறு இடம் போகலாமே என்பார்கள். ஒப்பந்தக் காலத்தில் போனால் தண்டம். போகும் இடத்திலும் ஏறத்தாழ இதே சூத்திரம். ஓர் ஆண்டில் விலைவாசி எவ்வளவு ஏறும் என்ற அபாயத்தை யாரோ ஒருவர் சுமந்தாக வேண்டும். கோடிக்கணக்கில் முதலீடு செய்து, பொருளியலாளர்களைச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் நிறுவனம் சுமப்பதா, அல்லது மாதக் கடைசியில் சில்லறை எண்ணும் வீடு சுமப்பதா? நியாயமாகப் பார்த்தால் நீண்ட ஒப்பந்தம் என்பதே 'நான் உன்னைவிட்டுப் போக மாட்டேன், நீ விலையை மாற்றாதே' என்ற பரிமாற்றம்தான். இங்கே பாதிப் பரிமாற்றம்தான் நடந்தது.

ஏழைக் குடும்பங்களுக்கென்று குறைந்த கட்டணத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. அரசின் உதவித்தொகை பெறுவோர்க்கு மாதம் 12 முதல் 20 பவுண்டு வரையிலான சலுகை இணைப்புகளைப் பல நிறுவனங்கள் வைத்திருந்தன. ஆனால் 14.4 விழுக்காடு உயர்ந்த அந்த 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவற்றைப் பெற்றிருந்த குடும்பங்கள் 2,20,000 மட்டுமே; தகுதி இருந்தும் பெறாதவை பல லட்சம். பள்ளிப் பாடம், வேலைக்கு விண்ணப்பம், மருத்துவரின் முன்பதிவு யாவும் இணையத்தின் வழியே நடக்கும் நாட்டில் இணைப்பைத் துண்டிப்பது தொலைக்காட்சிச் சேனல் ஒன்றைக் கைவிடுவது போன்றதன்று.

சேனல்களின் கதை வேறு. அங்கே கம்பியைவிட நிகழ்ச்சி உரிமையே பெருஞ்செலவு. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்துப் போட்டிகளை 2025 முதல் நான்கு பருவங்களுக்கு அந்நாட்டில் ஒளிபரப்ப ஸ்கை, டி.என்.டி. ஸ்போர்ட்ஸ் ஆகிய நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட தொகை 670 கோடி பவுண்டு. அது கடைசியில் யார் கட்டணத்தில் வந்து சேரும் என்று சொல்லத் தேவையில்லை.

பவுண்டு, பென்ஸ் கணக்கு

ஆஃப்காம் இதில் முதலில் கைவைத்தது 2014 ஜனவரியில். ஒப்பந்தத்தில் சொன்னதற்கு மேல் மாதக் கட்டணத்தை உயர்த்தினால் வாடிக்கையாளர் தண்டமின்றி விலகலாம் என்றது அந்த விதி. நல்ல விதிதான். ஆனால் 'ஒப்பந்தத்தில் சொன்னதற்கு மேல்' என்ற சொற்களில் வாசல் திறந்திருந்தது. உயர்வையே சூத்திரமாக ஒப்பந்தத்தில் முன்கூட்டி எழுதிவிட்டால் அது சொன்ன விலையாகிவிடும் அல்லவா? அந்த வாசல் வழியாகத்தான் மேற்படி வாக்கியம் உள்ளே வந்தது.

2023 டிசம்பரில் ஆஃப்காம் இதை அடைக்க முனைந்து, 2024 ஜூலையில் முடிவெடுத்தது. 2025 ஜனவரி 17 முதல் செய்யப்படும் புதிய தொலைபேசி, பிராட்பேண்ட், கட்டணத் தொலைக்காட்சி ஒப்பந்தங்களில் குறியெண்ணையோ விழுக்காட்டையோ எழுதக் கூடாது. உயர்வு இருந்தால், எந்தத் தேதியில் எத்தனை பவுண்டு எத்தனை பென்ஸ் என்று வாங்கும்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும். நடுவழி உயர்வு ஒழியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதன் முகமூடிதான் கழன்றது.

நிறுவனங்கள் உடனே கணக்கை மாற்றிக்கொண்டன. பி.டி. தன் புதிய பிராட்பேண்ட் வாடிக்கையாளர்களுக்கு ஆண்டுக்கொரு முறை மாதம் 3 பவுண்டு உயர்வு என்றது. வர்ஜின் மீடியா 3 பவுண்டு 50 பென்ஸ் என்றது. பார்க்க எளிமை. ஆனால் எல்லார்க்கும் ஒரே 3 பவுண்டு என்றால், 60 பவுண்டுக்கு அதிவேக இணைப்பு வாங்கியவருக்கு அது 5 விழுக்காடு. 25 பவுண்டுக்குச் சிறிய இணைப்பு வாங்கியவருக்கு 12 விழுக்காடு. பழைய சூத்திரம் எல்லாரையும் ஒரே விகிதத்தில் கடித்தது. புதியது மெலிந்தவரை ஆழக் கடிக்கிறது.

எழுதிய தொகையாவது நிலைக்குமா என்ற ஐயத்தையும் 2025 அக்டோபரில் ஓ2 எழுப்பிவிட்டது. மாதம் 1 பவுண்டு 80 பென்ஸ் உயரும் என்று எழுதிக் கொடுத்த அலைபேசி வாடிக்கையாளர்களுக்கு, 2026 ஏப்ரலில் 2 பவுண்டு 50 பென்ஸ் உயரும் என்று அது அறிவித்தது. இது ஒப்பந்தத்தை மீறிய உயர்வாதலால் 30 நாளுக்குள் தண்டமின்றி விலகும் உரிமை வாடிக்கையாளர்க்கு இருந்தது. ஆனால் கருவியைத் தவணையில் வாங்கியவர் அதன் மீதித் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். விதியின் உயிரையே இது குலைக்கிறது என்று ஆஃப்காம் வருந்தியது; அரசுத் தரப்பிலும் எதிர்ப்பு எழுந்தது.

தொகை தெரிந்துவிட்டதால் இப்போது வாடிக்கையாளர் ஒரு கணக்குப் போட முடியும். முன்பு அது எந்தக் கணித மேதைக்கும் முடியாத காரியம். அடுத்த டிசம்பரின் குறியெண் யாருக்குத் தெரியும்? ஒரு நிறுவனம் மாதம் 28 பவுண்டு, ஒவ்வொரு மார்ச் இறுதியிலும் 3 பவுண்டு உயர்வு என்கிறது. இன்னொன்று மாதம் 31 பவுண்டு, இரண்டாண்டும் மாறாது என்கிறது. எது மலிவு?

ஜனவரி முதல் நாள் சேர்ந்தால், முதல் நிறுவனத்தில் 28 பவுண்டு வீதம் மூன்று மாதம், 31 வீதம் பன்னிரண்டு மாதம், 34 வீதம் ஒன்பது மாதம். மொத்தம் 762 பவுண்டு. இரண்டாவதில் 31-ஐ 24-ஆல் பெருக்க 744. மாறாதது மலிவு. அதே இரு நிறுவனங்களிடம் மே முதல் நாள் சேர்ந்தால், முதலாவதில் 28 வீதம் பதினொரு மாதம், 31 வீதம் பன்னிரண்டு மாதம், 34 ஒரே ஒரு மாதம். மொத்தம் 714. இப்போது ஏறுவதே மலிவு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் 28-உம் 31-உம் இரண்டு முறையும் அவையேதான். சேரும் மாதம்தான் விடையை மாற்றியது.